கிருஷ்ணகிரி, தருமபுரியில் வேலை தேடும் மாற்றுத்திறனாளிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை தேடும் மாற்றுத்திறனாளிகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஓசூர், சூளகிரி பக்கம் ஆள் எடுக்கும் நிறுவனங்கள் கேட்பவையும் இடையில் வரும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தைக் கீழே ‘2016 சட்டம்’ என்று மட்டும் சொல்கிறோம். அது 19 ஏப்ரல் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது.

வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் கையில் என்ன இருக்க வேண்டும்?

யூ.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும், அதற்கு அடிப்படையான மருத்துவச் சான்றும். விண்ணப்பம் இணையத்தில்தான். வீட்டில் வசதி இல்லாதவர்கள் இ-சேவை மையத்தில் போடலாம். ஆதார், சமீபத்தில் எடுத்த புகைப்படம், பழைய மருத்துவக் காகிதங்கள் இருந்தால் போதும். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

இங்கே பெரும்பாலும் சிக்குவது பெயர். ஆதாரில் ‘முருகன் கோ’, பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘கோ. முருகன்’, வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருக்கும். அட்டை வந்துவிடும். ஆனால் பணி நியமனத்தின்போது சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வீர்கள். விண்ணப்பிப்பதற்கு முன்பே ஆதாரைப் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகும்படி திருத்திவிடுங்கள். அஞ்செட்டியிலிருந்தும் தளியிலிருந்தும் கிருஷ்ணகிரிக்கு வந்துபோக ஒரு நாள் கூலி போய்விடும். ஒரு எழுத்துக்காக அதை இரண்டு முறை இழக்க வேண்டாம்.

அட்டையின் நிறத்துக்கும் பொருள் உண்டு. 2024-இல் திருத்திய விதிகளின்படி குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழ் என்றால் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். வேலை இடஒதுக்கீட்டுக்கு 40 சதவீதமாவது வேண்டும். வெள்ளை அட்டை இருப்பதாலேயே இடஒதுக்கீடு வந்துவிடாது.

மருத்துவ முகாமுக்கு எப்படித் தயாராகிப் போவது?

குறைபாட்டைப் பொறுத்தது. பார்வை என்றால் கண்ணாடியோடு போங்கள். சரியான கண்ணாடி போட்ட பிறகு, இரண்டு கண்களில் நன்றாகத் தெரியும் கண்ணை வைத்துத்தான் அளக்கிறார்கள். அந்தக் கண்ணில் 3/60-க்கும் குறைவு என்றால் பார்வையின்மை (இயல்பான கண்ணுக்கு 60 மீட்டரில் தெரிவது 3 மீட்டரில்தான் தெரியும் என்பது 3/60). 6/18-க்குக் கீழே இறங்கி 3/60 வரை இருந்தால் குறைபார்வை. நேர்ப்பார்வை சரியாக இருந்து பார்வைப் புலம் மட்டும் சுருங்கியவர்கள் உண்டு. சாலையில் பக்கவாட்டில் வரும் வண்டி அவர்களுக்குத் தெரியாது. இவர்கள் புலப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். எழுத்துப் பலகையை மட்டும் படிக்கச் சொல்லி அனுப்பிவிட்டால் குறை பதிவாகாது.

காது என்றால், முதலில் அழுக்கை எடுத்துவிட்டு ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் பரிசோதனை) எடுங்கள். சளி, காதில் சீழ் இருக்கும் நாளில் எடுத்தால் அளவு தவறாக வரும். இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் ‘கேட்கும் திறன் குறைந்தவர்’, 70 டெசிபல் என்றால் ‘காது கேளாதவர்’ என்கிறது 2016 சட்டம். ஒரு காது மட்டும் கேட்காதவர்கள் இந்த வரையறைக்குள் வரமாட்டார்கள்.

கை, கால் என்றால் எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை அட்டை. மனநோய் என்றால் தொடர் சிகிச்சைச் சீட்டுகள் முக்கியம். நோயின் பெயரைப் பார்த்து அல்ல. தன்னைக் கவனித்துக்கொள்வது, பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகிய நான்கிலும் எவ்வளவு பாதிப்பு என்று பார்த்து, எத்தனை ஆண்டாக நோய் இருக்கிறது என்பதையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள். மருத்துவர் கேட்கும்போது வெட்கப்பட்டு “எல்லாம் நல்லா செய்வான்” என்று சொல்லும் பெற்றோர், தெரியாமலேயே பிள்ளையின் சதவீதத்தைக் குறைத்துவிடுகிறார்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். யார் குளிப்பாட்டுகிறார்கள், பஸ்ஸில் தனியாகப் போவானா, சில்லறை எண்ணத் தெரியுமா என்று அன்றாடத்தை அப்படியே சொல்லுங்கள்.

சான்று கைக்கு வந்ததும் ‘நிரந்தரம்’ என்று இருக்கிறதா, ‘இந்த நாள் வரை’ என்று இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். காலாவதியான சான்றை இணைத்ததால் தேர்வில் வென்றும் இடத்தை இழக்க நேரலாம்.

பையனுக்கு ஒரு கண்ணில் பார்வையே இல்லை. இன்னொன்று நன்றாக இருக்கிறது. இடஒதுக்கீடு உண்டா?

அதை மட்டும் வைத்து இல்லை. ஒரு கண் முழுதாகப் போய் மறுகண் இயல்பாக இருந்தால் 30 சதவீதம்தான்.

ஆனால் வேறு குறைபாடும் இருந்தால் கணக்கு மாறும். இரண்டையும் நேரடியாகக் கூட்டமாட்டார்கள். பெரிய எண்ணை ‘அ’ என்றும் சிறியதை ‘ஆ’ என்றும் வைத்துக்கொண்டால், அ + ஆ × (90 − அ) ÷ 90 என்பதுதான் சூத்திரம். கண்ணில் 30, காலில் 20 என்று வையுங்கள். 90-இல் 30 போக 60. 20-ஐ 60-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 13.3. அதோடு 30 சேர்ந்தால் 43.3. எல்லையைத் தாண்டிவிட்டது. சின்ன வயதில் கால் ஒடிந்து கொஞ்சம் சாய்ந்து நடப்பவர், கண்ணுக்கு மட்டும் சான்று வாங்கிவிட்டு விட்டுவிடுவது பெரிய இழப்பு. எலும்பு மருத்துவரிடமும் காட்டி, இரண்டையும் சேர்த்த சான்று கேளுங்கள்.

ஃப்ளோரைடு தண்ணீர் குடித்து முதுகும் முட்டியும் மடங்காமல் போனவர்களுக்குச் சான்று கிடைக்குமா?

நம் இரண்டு மாவட்டங்களுக்கே உரிய கேள்வி இது. நிலத்தடி நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்து, அதையே ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் பழுப்புக் கறை விழும். பிறகு எலும்பில் படிந்து, தசைநார்கள் கெட்டிப்பட்டு, முதுகெலும்பும் மூட்டும் இறுகும். தண்டுவடம் நெருக்கப்பட்டால் கால் மரத்து நடையும் போகலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதைத் தடுக்கத்தான். அதன் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் குறைப்பு என்று இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே எலும்பில் ஏறியது இறங்குவதில்லை.

சட்டம் சொல்லும் 21 வகைகளில் ‘ஃப்ளோரோசிஸ்’ என்று தனிப் பெயர் கிடையாது. அதனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் “பட்டியலில் இல்லை” என்ற பதில்தான் வரும். கேட்க வேண்டியது கை, கால் இயக்கக் குறைபாட்டுக்கான மதிப்பீடு. மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, தசை வலு எவ்வளவு, உட்கார, எழ, படியேற முடிகிறதா என்று எலும்பு மருத்துவர் அளந்து சதவீதம் போடுவார். பல்லில் கறை மட்டும் இருந்தால் சதவீதம் எதுவும் வராது.

21 வகையில் எதில் இருந்தாலும் அரசு வேலையில் ஒதுக்கீடு உண்டா?

இல்லை. மொத்தம் 4 சதவீதம். பார்வைக்கு 1, காதுக்கு 1, இயக்கக் குறைபாட்டுக்கு 1. இந்த மூன்றாவதில் மூளை முடக்குவாதம், தொழுநோயிலிருந்து குணமானவர்கள், குள்ளத்தன்மை, அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள், தசைச்சிதைவு எல்லாம் அடங்கும். மீதி 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த நான்காவது பிரிவே கிடையாது. அப்போது மொத்தம் 3 சதவீதம்தான்.

ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் சோகை, பார்கின்சன் ஆகியவை 21-இல் உண்டு, இந்த 4 சதவீதத்தில் இல்லை. அட்டைக்கான மற்ற சலுகைகளுக்கு அவர்கள் முயலலாம். ஒதுக்கீட்டை நம்பித் தேர்வு எழுத வேண்டாம்.

ஒரு பிரிவில் தகுதியானவர் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை அடுத்த தேர்வு ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போதும் கிடைக்காவிட்டால் மற்ற பிரிவு மாற்றுத்திறனாளிக்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் பொதுவில் நிரப்பலாம். அறிவிக்கையில் ‘முன்கொணர்வு காலியிடம்’ என்று தென்பட்டால் அதை விடாதீர்கள்.

அறிவிக்கையில் ஓ.எல்., பி.எல்., எல்.வி. என்று எழுத்துகள் வருகின்றனவே?

தகுதியிருந்தும் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் இந்த எழுத்துகளில்தான். ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

ஓ.எல். ஒரு கால், பி.எல். இரு கால், ஓ.ஏ. ஒரு கை, ஓ.ஏ.எல். ஒரு கையும் ஒரு காலும், எல்.வி. குறைபார்வை, பி. பார்வையின்மை, எச்.எச். கேட்கும் திறன் குறைவு, டி. காது கேளாமை. இவை யார் அந்தப் பணிக்கு ஏற்றவர் என்பதைச் சொல்பவை. கூடவே பணிக்கு என்ன செயல் தேவை என்றும் இருக்கும். எஸ். உட்காருதல், எஸ்.டி. நிற்றல், டபிள்யூ. நடத்தல், பி.என். குனிதல், எம்.எஃப். விரலால் கையாளுதல், ஆர்.டபிள்யூ. படித்து எழுதுதல், சி. பேசித் தொடர்புகொள்ளுதல்.

ஒரு பணிக்கு ‘ஓ.எல்.’ மட்டும் போட்டிருக்கிறது, உங்கள் சான்றில் ‘பி.எல்.’ என்று இருக்கிறது என்றால் 45 சதவீதமோ 75 சதவீதமோ எடுபடாது. போலியோவால் ஒரு கால் நன்றாகவே பாதித்து, மறுகால் லேசாக மெலிந்தவருக்குச் சான்றில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது வாழ்க்கையை மாற்றும் விஷயம். முகாமிலேயே படித்துப் பார்த்து, உண்மைக்கு மாறாக இருந்தால் அன்றே சொல்லுங்கள். மத்திய அரசு 2021 ஜனவரியில் வெளியிட்ட பட்டியலில் 3,566 பணிகள் இப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. நீங்கள் குறிவைக்கும் பணி அதில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்குவது நல்லது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து என்ன பயன்?

பதிவு மூப்பு ஒன்று, உதவித்தொகை இன்னொன்று. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் மூப்பு போய்விடும். பதியும்போது மாற்றுத்திறனாளி என்ற முன்னுரிமையைச் சேர்க்க வேண்டும். பொதுவாகப் பதிந்துவிட்டு அட்டை பிறகு வாங்கியவர்கள் அதைச் சேர்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

உதவித்தொகைக்கு மற்றவர்கள் பதிந்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிக்கு ஓராண்டு போதும். மாதம் பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டத்துக்கு 1,000 ரூபாய், பத்தாண்டுகள் வரை. ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்காவிட்டால் நின்றுவிடும். பெரிய தொகை இல்லை. ஆனால் தேர்வுக்குப் போய்வரும் பஸ் செலவு.

தேர்வில் நமக்காக எழுதித் தருபவரை வைத்துக்கொள்ள எப்போது கேட்க வேண்டும்?

விண்ணப்பத்திலேயே. நுழைவுச் சீட்டு வந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் நடக்காது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், அதாவது 3 மணித் தேர்வுக்கு 1 மணி நேரம் கூடும். பார்வையற்றவர், இரு கையும் பாதித்தவர், மூளை முடக்குவாதம் உள்ளவர் தவிர மற்றவர்கள், தாங்களே எழுத முடியாது என்று மருத்துவ அதிகாரியிடம் தனிச் சான்று வாங்கி வைக்க வேண்டும். 40 சதவீதம் இல்லாதவரும் எழுதுவதில் உண்மையான சிரமம் இருந்தால் கேட்கலாம். எழுத்தர் பிடிப்பு என்னும் கை இறுக்கம் கொண்ட ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அப்படித்தான் தீர்ப்பளித்தது.

சிப்காட் கம்பெனிகளில் இடஒதுக்கீடு உண்டா?

கிடையாது. 4 சதவீதம் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். ஆனால் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட்டே ஆக வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால், மாற்றுத்திறனாளிக்கு எந்தெந்தப் பணிகள் பொருத்தம், என்ன வசதி செய்து தருவோம், யார் தொடர்பு அலுவலர் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நேர்முகத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். கேட்டதற்காகக் கோபப்படும் இடமா, மேசையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் இடமா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

விண்ணப்பத்தில் ‘மாற்றுத்திறனாளி, 60 சதவீதம்’ என்று மட்டும் எழுதினால் மேலாளருக்கு எதுவும் புரியாது, பயம்தான் வரும். செய்ய முடிவதை எழுதுங்கள். “இரண்டு கையும் முழு வலு. உட்கார்ந்து எட்டு மணி நேரம் வேலை செய்வேன். 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து நிற்க முடியாது.” ஒயர் பின்னல், சர்க்யூட் போர்டு பொருத்துதல், தரப் பரிசோதனை, பேக்கிங், பில்லிங், ஸ்டோர் கணக்கு போன்றவை உட்கார்ந்து செய்யக்கூடியவை. காது கேளாதவர்கள் அசெம்பிளி வரிசையில் தாராளமாக வேலை செய்யலாம். கன்வேயர் நடையில் நாற்காலி போட முடியாது என்று சொன்னால், ‘எந்த ஸ்டேஷனில் முடியும்?’ என்று கேளுங்கள்.

வேலை கம்பெனியிலா, கான்ட்ராக்டரிடமா என்று தெளிவாகக் கேளுங்கள். மாதச் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்க மற்றவர்களுக்கு உச்சவரம்பு 21,000; மாற்றுத்திறனாளிக்கு 25,000. 23,000 சம்பளம் என்பதால் உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை என்று யாராவது சொன்னால் அது தவறு.

நாங்கள் சிறு தொழிற்சாலை நடத்துகிறோம். ஆள் எடுத்தால் எவ்வளவு மாற்ற வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவு. சாய்தளம் 1-க்கு 12. வாசல் 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் 1.8 மீட்டர் நீளம் வேண்டும். இடம் இல்லை என்று ஒரு மீட்டரில் முடித்தால் சக்கர நாற்காலி பின்னால் சாயும். மழை நாளில் வழுக்கும். கதவு 90 சென்டிமீட்டர் திறந்து இருக்க வேண்டும். கழிப்பறையில் கைப்பிடிக் கம்பியும் உள்ளே நாற்காலி திரும்ப இடமும் வேண்டும். வாசலைச் சரிசெய்துவிட்டுக் கழிப்பறையை மறந்தால் பெண் ஊழியர்கள் தண்ணீர் குடிக்காமலே ஷிப்டை ஓட்டுவார்கள். இரண்டு மாதத்தில் சிறுநீர்த் தொற்று, மூன்றாவது மாதத்தில் விடுப்பு, பிறகு ராஜினாமா. “அவர்கள் நிலைப்பதில்லை” என்ற பேச்சு அப்படித்தான் பிறக்கிறது.

காது கேளாதவர்கள் இருக்கும் இடத்தில் தீ எச்சரிக்கைக்கு ஒலியோடு சுழலும் விளக்கும் வையுங்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதையைத் தரையில் மஞ்சள் கோடு போட்டுப் பிரியுங்கள், திருப்பங்களில் குவிகண்ணாடி. பாதுகாப்புப் பயிற்சியை வாயால் சொல்லி முடித்துக் கையெழுத்து வாங்குவது பயிற்சி ஆகாது. சைகை மொழி தெரிந்தவரை ஒரு நாள் வரவழைத்து, எந்திரத்தின் முன் நின்றே காட்டுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு பேசினால் உதட்டசைவும் தெரியாது என்பதை சூப்பர்வைசருக்குச் சொல்லி வையுங்கள்.

கண் தெரியாதவர் கம்ப்யூட்டர் வேலை செய்ய என்ன வேண்டும்?

என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம், தமிழும் படிக்கும். தடை வேறிடத்தில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைத் திறந்தால் திரையில் தமிழ்; காதிலோ பொருளில்லாத ஆங்கில எழுத்து ஓசை. கோப்பு யூனிகோடில் இருந்தால்தான் தமிழாகப் படிக்கும். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். வெறும் படம், அதையும் அப்படியே படிக்க முடியாது. அலுவலகம் இவை இரண்டையும் சரிசெய்தால் போதும், பார்வையற்ற ஊழியர் மற்றவர் துணையின்றிக் கோப்பு பார்ப்பார். தட்டச்சுக்குத் தமிழ் 99 விசைப்பலகையைப் பழகுங்கள்.

பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பார்வையற்ற பெண் ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?

முடியும். வானியலில் இது நடந்துகொண்டிருக்கிறது. விண்மீனின் ஒளி ஏறி இறங்குவதைச் சுருதியாக மாற்றிக் காதால் கேட்டு ஆராயும் முறை உண்டு. பார்வை இழந்த பின் அப்படி ஆராய்ச்சியைத் தொடர்ந்தவர் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வாண்டா டயஸ் மெர்செட். இன்றைய வானியலாளர் பெரும்பாலும் தொலைநோக்கியில் கண் வைப்பதில்லை, எண்களோடுதான் வேலை. நமக்குப் பக்கத்தில் ஜவ்வாது மலைக் காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி தருவதும் தரவுதான்.

நடைமுறைக்கு வருவோம். கணிதத்தைப் படமாக அல்லாமல், சூத்திரங்களை எழுத்துக் கட்டளைகளாக அடிக்கும் லேடெக்ஸில் வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். அது வெறும் எழுத்து என்பதால் திரைவாசிப்பான் படிக்கும். பைத்தான் நிரலும் அப்படியே. கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான நெட் தேர்வுக்கு முதுகலையில் மாற்றுத்திறனாளிக்கு 55-க்குப் பதில் 50 சதவீதம் போதும். வேதியியல், இயற்பியல் செய்முறையில் உதவியாளரைக் கல்லூரியில் சேரும் மாதமே எழுத்தில் கேளுங்கள்; தேர்வுக்கு முந்தைய வாரம் அல்ல.

பிரஸ் எந்திரத்தில் விரல் போய்விட்டது. வேலையும் போய்விடுமா?

அரசு ஊழியர் என்றால் வேலையிலிருந்து நீக்கவோ பதவி குறைக்கவோ முடியாது. அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். பணி இல்லாவிட்டால் கூடுதல் இடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும்.

தனியாரில் ஈ.எஸ்.ஐ. இருந்தால், விபத்து அறிக்கை உடனே போனதா என்று உறுதி செய்யுங்கள். கையில் கட்டோடு ஊருக்கு அனுப்பிவிட்டு “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவக் குழு சம்பாதிக்கும் திறன் இழப்பைச் சதவீதமாகப் போடும். அந்த விகிதப்படி, சராசரி ஊதியத்தின் 90 சதவீதத்தைக் கணக்காக வைத்து ஆயுள் முழுக்கப் பணம் வரும். கவனிக்க வேண்டியது: அந்தச் சதவீதம் வேறு, அடையாள அட்டையின் சதவீதம் வேறு. ஈ.எஸ்.ஐ. தாளைக் காட்டி அரசு வேலையில் ஒதுக்கீடு கேட்க முடியாது. அட்டைக்குத் தனியாகப் போங்கள்.

போய்வர வழி?

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. இரு கால்களும் பாதித்து, கைகள் நன்றாக இருப்பவர்கள் வேலைக்குப் போகிறார்கள் என்றால் இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு நல அலுவலகத்தில் மனுப் போடலாம். வேலை நியமனக் கடிதத்தை இணையுங்கள்.

சொந்தத் தொழில் தொடங்க என்ன உதவி?

பிரதமரின் வேலை உருவாக்கத் திட்டம் மாவட்டத் தொழில் மையம் வழியாக. மாற்றுத்திறனாளிக்குக் கிராமத்தில் 35, நகரத்தில் 25 சதவீத மானியம். சொந்தப் பணம் 5 சதவீதம். கிராமத்தில் 5 லட்சம் ரூபாய்க்கு ஒரு தையல் கூடம் என்று வையுங்கள். கையிலிருந்து 25,000, வங்கி 4,75,000. மானியம் 1,75,000 கையில் வராது. வங்கியில் மூன்று ஆண்டு வைப்பாக இருந்து, பிறகு கடனில் கழியும். அந்தப் பங்குக்கு வட்டி போடமாட்டார்கள். மானியத்தைக் கையில் வாங்கிச் செலவு செய்யலாம் என்று நினைத்துக் கணக்குப் போட்டவர்கள் முதல் ஆண்டிலேயே திணறுகிறார்கள்.

மாங்கூழ், மாங்காய் வணிகம் என்று எழுதுபவர்கள் சீசன் சில மாதம்தான், தவணையோ பன்னிரண்டு மாதமும் என்பதை மறக்க வேண்டாம். திட்ட அறிக்கையில் மற்ற மாதங்களுக்கு என்ன வருமானம் என்று வங்கி மேலாளர் கேட்பார். அவர் கேட்பது நியாயம்.

உரிமை மறுக்கப்பட்டால் யாரிடம் போவது?

அந்த நிறுவனத்திலேயே முதலில் எழுத்தில் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். பிறகு திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். அதிலும் தீராவிட்டால் சென்னையிலுள்ள மாநில ஆணையர். அவருக்கு ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. சட்ட மீறலுக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம். வாய்ப்பேச்சாக மறுத்தால் தேதி, நேரம், சொன்னவர் பதவி ஆகியவற்றை அன்றைக்கே குறித்து வையுங்கள்.

சான்றும் வேலையும் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். மதிப்பீட்டுக்கோ அட்டைக்கோ தரகர் தேவையில்லை. பணம் கொடுத்துக் கூட்டி வாங்கிய சதவீதம் மறு மருத்துவப் பரிசோதனையில் குறைந்தால் வேலை போகும், வழக்கும் வரும். கம்பெனி வேலைக்கு ‘டெபாசிட்’ என்று கேட்டால் அந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு நேரில் போய் அந்தக் காலியிடம் உண்மையா என்று கேளுங்கள்.